கடைக்கு வழி கேட்ட அக்கா

"அட்ரெஸ் வேணாம் தம்பி. அட்ரெஸ் யாரு வேணும்னாலும் அடிச்சி அனுப்பலாம். நீ வழி சொல்லு."

மலேசியாவின் ஈப்போவில் நாங்கள் குடியிருந்த காலத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் இந்தக் குரல் எங்கள் வீட்டுக்குள் வந்து விழாத காலையே கிடையாது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய வெள்ளைக் கார் நிற்கும். அதன் மேல் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு நிற்பார் அக்கா. அன்றைக்கு எதிர்முனையில் இருந்தவன் இணையத்தில் பட்டுப்புடவையைப் பாதி விலைக்கு விற்பதாக விளம்பரம் போட்டிருந்தான். கடை ஈப்போ லிட்டில் இந்தியாவில் இருக்கிறது என்றும் கூடவே போட்டுவிட்டான். அதுதான் அவனுக்கு வினையாகப் போயிற்று.

"நான் ரயில் ஸ்டேஷன்ல இருந்து வாரேன்னு வை. எப்படித் திரும்பணும்?"

"ஸ்டேஷன்லேர்ந்து நேரா வாங்க மேடம். அப்புறம் லெஃப்ட் எடுங்க."

"எடுத்துட்டேன்."

"எடுத்தா... பீச் வரும் மேடம். பீச்சுக்கு எதிர்லதான் நம்ம கடை."

ஈப்போவைச் சுற்றி இருப்பதெல்லாம் சுண்ணாம்புக்கல் மலைகள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மேற்கே நெடுந்தூரம் கார் ஓட்டிப் போக வேண்டும். அக்காவின் முகம் லாட்டரி விழுந்த மாதிரி மலர்ந்தது.

"அலாமா! ஈப்போக்குக் கடல் வந்திருச்சாம் லா!" என்று, அந்த ஊர்ப் பேச்சின் வாலான 'லா'வோடு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "தங்கச்சி! துணியெல்லாம் எடு! அலை அடிக்கப் போவுது!"

நான் அப்போதுதான் ஊரிலிருந்து வந்து இறங்கிய புதிது. என்ன ஏது என்று புரியாமல், கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை நிஜமாகவே உருவி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன். அக்காவுக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டது அப்படித்தான். அதைச் சொல்லிச் சொல்லி அவர் சிரித்தது போதாதென்று, வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இவதான் லா, சுனாமிக்குத் துணி எடுத்தவ" என்று அறிமுகமும் செய்து வைத்தார்.

அக்காவுக்குத் தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. கூரையில் 'எல்' பலகை, கதவில் அவருடைய பயிற்சிப் பள்ளியின் பெயர், அதன் கீழே அவருடைய தொலைபேசி எண். என் கணவருக்கு ஈப்போவுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் அவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள், வேலை பார்க்கக்கூடாது. ஆகவே பகலெல்லாம் எனக்கு அக்காதான் வானொலி, தொலைக்காட்சி, செய்தித்தாள். ஊர்ப் பொம்பளைகள் தொடர் பார்ப்பதைப் போல நான் அவரைப் பார்த்தேன்.

இணையத்தில் பொய்க் கடை போடுகிறவர்களைப் பிடிப்பது அவருக்குச் சேவையா, பொழுதுபோக்கா, போதையா என்று என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. மற்றவர்கள் விளம்பரம் வந்தால் தள்ளிவிட்டுப் போவார்கள். அக்கா நின்று நிதானமாகப் படிப்பார். "பாரேன், பக்கம் போன மாசம்தான் தொறந்திருக்கு. ஆனா பத்து வருசமா கடை நடத்துறானாம்" என்பார். "பாராட்டி எழுதுன பொம்பளைங்க எல்லாரும் ஒரே வாயால பேசுறாங்க லா. காசு மட்டும் கடை பேருக்குப் போவாது, யாரோ ஒரு ஆளு பேருக்குப் போவணுமாம்" என்பார். அதோடு நிறுத்தினால் அவர் அக்கா இல்லையே. உடனே எண்ணைப் போட்டு, கடைக்கு வழி கேட்பார்.

பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதும் இது நடக்கும். வியர்த்து வழிந்துகொண்டு காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருப்பார் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண். பக்கத்து இருக்கையில் அக்கா, "கிளட்சு! கிளட்ச மிதி! ஒங்களச் சொல்லல தம்பி, நீங்க பாலத்தத் தாண்டி எந்தப் பக்கம்னு சொல்லுங்க" என்பார். அவரிடம் பயின்றவர்கள் உரிமத்தோடு இந்த வித்தையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

எங்கிருந்து பிடித்தீர்கள் இந்த யோசனையை என்று ஒருநாள் கேட்டேன். அவர் பிறந்தது ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அந்தத் தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை. அங்கே வரிசையாக இருந்த லயத்து வீடுகளுக்கு முகவரி என்று தனியாக ஒன்று கிடையாதாம். கடிதம் எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். விருந்தாளி வர வேண்டுமென்றால் வாயால் வழி சொல்லித்தான் அழைக்க வேண்டும்.

"பொய்யிக்கு அட்ரெஸ் சொல்லத் தெரியும் தங்கச்சி, வழி சொல்லத் தெரியாது" என்றார். "எந்த மூலையில நாய் படுத்திருக்கும்னு அதுக்குத் தெரியாதுல்ல?"

பிடிப்பதோடு விட்டுவிடுகிற ஆளும் இல்லை. ஏமாந்தவர் யாராவது கண்ணில் பட்டால் போதும், முதலில் வங்கிக்குத் தொலைபேசி, அடுத்தது காவல் நிலையம். அங்கே அதைப் பாலாய் என்பார்கள். எங்கள் குடியிருப்பின் வாசலில் காவல் கூண்டில் உட்கார்ந்திருக்கும் நேபாளக்காரர் ஒருமுறை இணையத்தில் கைப்பேசி வாங்கினார். பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு கட்டிச் சோப்பு. அவர் அவமானத்தில் அதைக் குப்பையில் போடப் போன நேரத்தில் அக்காவின் கார் உள்ளே நுழைந்தது.

"தூக்கிப் போடாத! சவுக்காரம்தான் லா சாட்சி!"

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அக்கா கத்தினால் அர்த்தம் யாருக்கும் புரிந்துவிடும். போலீசுக்குப் போகவே அவர் பயந்தார். வேற்று நாட்டுக்காரன் புகார் கொடுத்தால் தன்னையே பிடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தார். "பாஸ்போட் இருக்கா? பர்மிட் இருக்கா? அது போதும். ஏமாந்தவன் எந்த ஊருக்காரனா இருந்தா என்ன" என்று மலாயில் அதட்டி, அவரை 'எல்' பலகைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். சோப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் உட்கார்ந்திருந்த பவ்யத்தைப் பார்த்திருக்க வேண்டும். பாலாயில் அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் படம் எடுத்தார்களாம். பணம் திரும்பவில்லை, அந்தக் கணக்கை மட்டும் முடக்கினார்கள். அக்காவுக்கு அதுவே தீபாவளி. அன்று தெருவில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் செண்டோல் என்கிற ஐஸ் பாயசம் வாங்கிக் கொடுத்தார்.

எல்லாத் தடவையும் அவர் கணக்கு சரியாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தஞ்சோங் மாலிமில் கார் இருக்கைக்கு உறை விற்கிற ஒரு பையனிடம் வழி கேட்டார். அவன் தடுமாறினான், உளறினான், "ஒரு நிமிசம் இருங்கக்கா" என்று யாரையோ கேட்டான். அக்கா தாமதிக்கவே இல்லை. ஈப்போக்காரர்களின் முகநூல் குழுவில் அவன் பக்கத்தைப் படத்தோடு போட்டு, 'தீப்பு கடை, ஜாக்கிரதை' என்று எழுதிவிட்டார். தீப்பு என்றால் அங்கே ஏமாற்று. மறுநாள் அவனே கூப்பிட்டு அழுதான். "நான் நெசமாவே இருக்கேன்கா!" விசாரித்தால், அவன் ஜொகூரிலிருந்து அங்குள்ள கார் தொழிற்சாலை வேலைக்கு வந்தவன். ஊருக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவனுக்கே அவன் வீட்டுக்கு வழி தெரியாது.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். குழுவில் போட்டதை எடுத்துவிட்டு, மன்னிப்பும் எழுதினார். அதோடு மனசு ஆறவில்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு தஞ்சோங் மாலிமுக்கே போனார். அந்தப் பையன் கதவைத் திறந்ததும், "பசியாறியாச்சா?" என்றுதான் ஆரம்பித்தார். அவனிடமிருந்து வாங்கிய உறைகள் ஏதோ பெரிய வண்டிக்கு உரியவை. அக்காவின் காரில் மாட்டியதும் தொளதொளவென்று தொங்கின. அதற்குப் பிறகு வந்த மாணவர்கள் எல்லாரும் பிரேக் போடும்போதெல்லாம் வழுக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். அக்கா உறையைக் கழற்றவே இல்லை. அவனைப் பார்க்கப் போன அன்று மதியம் முழுக்க அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த ஊரைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, அவன் வீட்டுக்கு வழியை அவனுக்கே ஒப்பிக்க வைத்தார். "இனிமே எவ கேட்டாலும் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லணும், சரியா?" அவன் சொன்னான். கடைசியில் ஒரு நாயையும் சேர்த்துக்கொண்டு சொன்னான்.

இத்தனையும் கூடவே இருந்து பார்த்த நான் ஒரு பொய்க் கடையில் ஏமாந்தேன் என்றால் நம்புவீர்களா? ஏமாந்தேன். அதுவும் அழகாக ஏமாந்தேன்.

தீபாவளிக்கு முன்னால் அக்காவும் அவருடைய நாத்தனாரும் சேர்ந்து ஆர்டருக்கு முறுக்கு சுடுவார்கள். அந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். முறுக்கை டின்னில் அடைத்து விற்பார்கள். எங்களுக்கு மட்டும் ஒரு பெரிய டின் சும்மா வந்துவிடும். காசு கொடுத்தால் வாங்க மாட்டார். ஒரு வருஷம் நான் பிடிவாதமாக அவர் கையில் திணித்துவிட்டு ஓடிவந்தேன். அதைக் காகிதத்தில் சுற்றிச் சுவருக்கு மேலே என் துளசித் தொட்டிக்குள் எறிந்துவிட்டு, "அடுத்த தடவ கல்ல வச்சிச் சுத்தி எறிவேன்" என்றார்.

நான் ஏமாந்த வருஷம் என் கணவர் தன் அலுவலகத்தில் எல்லாருக்கும் முறுக்கு கொடுக்க ஆசைப்பட்டார். அத்தனை டின்னையும் அக்காவிடம் கேட்டால் அத்தனையையும் சும்மாதான் கொடுப்பார். கேட்கவே கூசியது. அந்தச் சமயத்தில்தான் என் கைப்பேசியில் ஒரு கடை வந்து நின்றது. 'ஈப்போ வீட்டு முறுக்கு.' படத்தில் அக்காவின் வெள்ளைக் கார், அதன் மூக்கின் மேல் அவர் முறுக்கை ஆறப் போடுகிற நீலப்பூ தட்டு, தட்டில் குன்று மாதிரி முறுக்கு, கதவில் பயிற்சிப் பள்ளியின் பெயர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா இணையத்தில் கடை போட்டுவிட்டார்! இனி முகத்தைப் பார்க்காமல் காசு கொடுத்துவிடலாம்!

என் கணவர் பெயரில் ஆர்டர் போட்டேன். பணம் போன கணக்கு வேறு யாரோ ஒரு பெண் பெயரில் இருந்தது. நாத்தனாராக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். கடைக்கு வழி கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? கடைக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர்தானே. அதற்குப் பிறகு சுவருக்கு மேல் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் ரகசியமாகச் சிரித்து வைத்தேன். அவரும் ஒன்றும் புரியாமல் சிரித்து வைத்தார். இப்படியே சில நாள் போயிற்று. முறுக்கு வரவில்லை, சிரிப்பு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு காலை, அக்காவின் கேட்டை யாரோ உடைப்பதைப் போலத் தட்டினார்கள். பக்கத்து ஊரான கோப்பெங்கிலிருந்து வந்த ஒரு நடுத்தர வயது அம்மா. கையில் கைப்பேசி, அதில் அந்த முறுக்குப் படம்.

"காசு வாங்குனீங்கள்ல? முறுக்கு எங்க? போனும் எடுக்க மாட்றீங்க!"

"என்னாம்மா சொல்றீங்க? எனக்கு ஒங்களத் தெரியாதே."

"கார் ஒங்களுதுதானே? இந்தத் தட்டு ஒங்களுதுதானே? கதவுல இருக்குற பேர வச்சி வழி கேட்டுக்கிட்டே வாரேன். ஏமாத்த முடியும்னு நெனச்சீங்களா?"

அக்கா படத்தை வாங்கிப் பார்த்தார். போன வருஷம் தன் பயிற்சிப் பள்ளியின் பக்கத்தில் அவரே ஆசையாகப் போட்ட படம். எவனோ திருடிக் கடை போட்டிருக்கிறான். அதை அவர் எவ்வளவோ விளக்கினார். அந்த அம்மா நம்பவில்லை. மாலைக்குள் அதே முகநூல் குழுவில் அக்காவின் காரும் எண்ணும் ஏறிவிட்டன. 'ஏமாத்துக்காரி, ஜாக்கிரதை.' தொலைபேசி ஓயாமல் அடித்தது. பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் அப்பா வந்து, முகத்தைக்கூடப் பார்க்காமல், மகள் இனி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா கார் நிற்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சத்தமே இல்லை. அந்த வீட்டில் சத்தம் இல்லாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அந்தம்மா மேல எனக்குக் கோவம் இல்ல தங்கச்சி" என்றார். "நானா இருந்தாலும் இப்படித்தான் வந்து கத்திருப்பேன். ஆனா இந்த ஊர்ல என் பேர நம்பித்தானே லா பொம்பளப் புள்ளைங்கள என் காடியில ஏத்தி அனுப்புறாங்க?"

"அக்கா," என்றேன், "நானும் அந்தக் கடையில வாங்கினேன்."

நிமிர்ந்து பார்த்தார். "நீயா? சுனாமிக்காரியா?" என்று ஆரம்பித்த சிரிப்பு, நாற்காலியே ஆடுகிற அளவுக்குப் போய்விட்டது. "ஏன்லா என்னையக் கேக்கல? செவுத்துக்கு மேல தலைய நீட்டி ஒரு வார்த்த கேட்டா முடிஞ்சிச்சி!"

நான் சுவருக்கு மேலே என் துளசித் தொட்டியைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"ரிப்போட் குடுப்பியா? ஏமாந்தவங்க எல்லாம் என்னையத்தான் கடைக்காரின்னு நெனைக்கிறாங்க. அவுங்க போனா என் மேலதான் குடுப்பாங்க. ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஒரே ஆளு நீதான்."

வீட்டில் சொன்னேன். என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. விசா புதுப்பிக்கிற சமயம். "வெளிநாட்டுல இருந்துக்கிட்டு போலீஸ் ஸ்டேஷனா? அவங்க பேரோட நம்ம பேரும் சேந்துட்டா என்ன பண்றது?" என்றார். பயம் எனக்கும் இருந்தது. ஆனால் நேபாளக்காரரும் வெளிநாட்டுக்காரர்தானே. ஒரு சோப்பை மடியில் வைத்துக்கொண்டு அவர் போய்விட்டு வந்தார். "அக்காவுக்காக நான் போறேன்" என்றேன். என் கணவர் பணம் போன ரசீதைத் தேடி எடுத்தார். பிறகு, "பேங்குக்கு நான் பேசறேன். நீ பாஸ்போர்ட்ட மறந்துடாத" என்றார்.

மறுநாள் காலை அக்கா என்னைப் பாலாய் வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தான் வந்தால், தானே சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும் என்றார். எனக்குத் தெரிந்த மலாய் எல்லாம் சந்தையில் காய்கறி வாங்கப் பழகிய மலாய். ஒரு பெண் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து, பாஸ்போர்ட்டை நீட்டி, பணம் போன ரசீதையும் அந்தப் படத்தையும் காட்டி, "முறுக்கு வாங்கினேன். முறுக்கு வரவில்லை" என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கேட்டுத் தட்டச்சு செய்தார். என் விசாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படத்தில் இருக்கும் காரின் சொந்தக்காரி இதைச் செய்யவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டார்.

நான் எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையையும் திரட்டிச் சொன்னேன். "அவர் என்னிடம் காசு வாங்க மாட்டார். அதனால்தான் கடையில் வாங்கினேன்."

அதிகாரி தலையை நிமிர்த்திப் பார்த்தார். சிரித்தார். அப்படியே தட்டச்சு செய்தார்.

வங்கி அந்தக் கணக்கை நிறுத்தியது. நாங்கள் ஆளுக்கு ஆள் புகார் அனுப்பியதில் அந்த முறுக்குப் பக்கமும் மறைந்தது. அக்கா ரிப்போர்ட்டைப் படம் பிடித்து, என் பெயரையும் எண்ணையும் மறைத்து, குழுவில் போட்டார். திட்டி எழுதியவர்களில் பாதிப் பேர் எடுத்துவிட்டார்கள், மீதிப் பேர் முறுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். கோப்பெங் அம்மா தீபாவளிக்கு முன்னால் நேரிலேயே வந்து, கேட்டைத் தட்டாமல் நின்று கூப்பிட்டார். பணத்தை முதலில் நீட்டிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். நாங்கள் ஈப்போவை விட்டு வந்து சில வருஷம் ஆகிறது. இப்போதும் அக்கா என்றால் எனக்கு இதெல்லாம் பிறகுதான். முதலில் கண்ணுக்கு வருவது அன்றைய பாலாய் வாசல்தான்.

ரிப்போர்ட்டின் நகலோடு வந்து காரில் ஏறினேன். அக்கா அதைப் பிடுங்கி ஸ்டீயரிங் மேல் வைத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். "முறுக்கு வாங்கினேன், முறுக்கு வரவில்லை... அலாமா, என்னா மலாய் லா இது" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஒரு வரிக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. அந்த வரியை மறுபடியும் வாய்க்குள்ளேயே படித்தார். என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தை மடித்து என் மடியில் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

கார் ஒரு உதறு உதறி நின்றது. மறுபடி திருப்பினார். மறுபடி உதறி நின்றது. பாலாய் வாசலின் நடுவில், ஈப்போவில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர், கிளட்சை மிதிக்க மறந்து உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் தண்ணீர் ஓடியது. பின்னால் ஒரு போலீஸ் வண்டி வந்து நின்று ஹார்ன் அடித்தது.

அக்கா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். கூரையின் மேலிருந்த 'எல்' பலகையைக் காட்டி, அழுகையும் சிரிப்புமாக, மலாயில் கத்தினார்:

"மன்னிச்சிக்குங்க சார்! இப்பதான் லா கத்துக்கிறேன்!"